ஐப்பசிக்குத் தள்ளிப்போட்ட ஊசி

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பன்னிரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ், அப்புறம் நான். விரலை வெட்டிக்கொண்டு வருவார்கள், கண்ணில் இரும்புத்தூள் விழுந்து வருவார்கள், நாஷ்டா சாப்பிடாமல் மெஷினில் நின்று மயங்கி விழுந்து வருவார்கள். எல்லோரையும் திட்டிக்கொண்டேதான் வைத்தியம் பார்ப்பேன். எனக்கு வாய் நீளம். அது தெரிந்தேதான் வருகிறார்கள்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு உடல்தகுதிச் சீட்டு எழுதுவதும் என் வேலை. கம்பெனி டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். நான் கேட்டு எழுதி வைத்ததன் கீழே கையெழுத்துப் போடுவார். சர்க்கரை இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, வீசிங் உண்டா என்று வரிசையாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் “இல்ல சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். கேள்வியை நான் முடிப்பதற்குள்ளேயே வந்துவிடும். பாதிக்கு மேல் பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ‘அன்ஃபிட்’ என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் அந்த ஆள் வந்த ஷேர் ஆட்டோவிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசியில் கம்பெனியில் ஃப்ளூ ஊசி முகாம் நடக்கும். ஐப்பசி மழை பிடித்தால் இந்தப் பக்கம் முழுக்க இருமலும் காய்ச்சலும்தான்; ஒரு ஷிப்டில் நாலு பேர் படுத்தால் மெஷின் நிற்கும் என்பது முதலாளிக்குக் கவலை. ஊசி என்றதும் தலைதெறிக்க ஓடுவார்கள். “போட்டா ஜொரம் வருது சிஸ்டர்” என்பான் ஒருத்தன். “ஜொரம் வராம உன் மாமியாரா வரும்? நீட்டுய்யா கையை” என்பேன். சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று யாராவது தப்பித் தவறி ஒப்புக்கொண்டால் அவனை வரிசையில் முதல் ஆளாக இழுத்து நிறுத்துவேன். இழுப்பு இருந்த நெஞ்சில் ஃப்ளூ இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் தெரியாமல் தப்புச் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு ஒரே மகன். பிறந்தது கும்மிடிப்பூண்டியில், நாலு பக்கமும் இரும்புக் கம்பெனிகளுக்கு நடுவில். அவன் அப்பா உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. கம்பெனிகள் வந்த பிறகு எல்லோரும் கேட்டுக்கு உள்ளே போய்விட்டோம். துணி காயப்போட்டால் கறுப்பாக எடுக்கிற ஊரில் பிள்ளையின் நெஞ்சு மட்டும் வெள்ளையாக இருக்குமா? இரண்டு வயதிலிருந்து அவனுக்கு இழுப்பு. குளிர்ந்த காற்றுப் பட்டால் போதும், விலா எலும்பு தெரிய மூச்சு வாங்குவான். நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தே தூங்கிய நாட்களுக்குக் கணக்கில்லை. ஏழு வயதில் ஒரு முறை நீலம் பாரித்து, பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து ஸ்டீராய்டு கொடுத்துத்தான் மீட்டார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் தானாகவே விட்டுப் போனது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி நெபுலைசரை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. டிப்ளமோ முடித்தவனைக் கம்பெனியில் சேர் என்றால் கேட்கவில்லை. “உங்களை மாதிரி நானும் கேட்டுல கார்டு தேய்ச்சிக்கினே கெழவனாகணுமா?” என்றான். கவரைப்பேட்டைப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் காலையில் ஓட ஆரம்பித்தான். லாரிப் புழுதியில், வெயிலில், ஒரு வருடம். அவன் அப்பா பைக்கில் பின்னாலேயே போய் நேரம் பார்ப்பார். இழுப்பு இருந்த பிள்ளை அப்படி ஓடியதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. பெருமைதான், வேறென்ன.

ஆள் எடுப்பில் ஓட்டத்தில் தேறிவிட்டான். அடுத்து மெடிக்கல். முந்தின நாள் அவனை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

“இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லு. வீசிங் இருந்துச்சான்னு கேப்பாங்க. யோசிக்கிற மாதிரி மூஞ்சி காட்டாத. கேட்ட வாய் மூடறதுக்குள்ள இல்ல சார்னு வரணும்.”

“பொய் தானேம்மா?”

“இப்ப இல்ல தானே? இப்ப இல்லன்னா இல்லதான்.”

பன்னிரண்டு வருடம் என் கட்டிலுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் தேர்வானான். சர்ச்சில் போதகர் அவன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்.

வைகாசியில் ரயில் ஏறினான். மத்திய இந்தியாவில் எங்கோ ஒரு பயிற்சி மையம். ஒரு நீளக் கூடத்தில் அறுபது கட்டில், எல்லா ஊர்ப் பிள்ளைகளும். போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கொடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் சரியாக எங்கள் ஆராதனை நேரத்தில் வரும். பிரசங்கம் பாதியில் நான் எழுந்து வெளியே போவதைப் பார்த்து முதலில் எல்லோரும் முறைத்தார்கள். பிறகு, “பையன் போனா?” என்று வழிவிடப் பழகினார்கள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு. காம்பவுண்டு சுவர் ஓரம் வேப்பமர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

“வியாழக்கிழமை எல்லாருக்கும் ஃப்ளூ ஊசியாம்மா. வரிசையா நிக்க வெச்சி, மேஜைல ஒரு டாக்டர் ஏதோ கேட்டு எழுதிக்கினு அப்புறம் போடுவாங்களாம்.”

“இன்னா கேப்பாங்களாம்?”

“தெர்ல. போன பேட்சு பையன் சொன்னான், உடம்பு பத்தி தான் கேப்பாங்களாம்.”

ஊசி போடும் முன் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் கேட்பதைத்தானே கேட்பார்கள். வீசிங் என்று கேட்டு, இவன் முகம் லேசாக மாறி, அந்த டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து, பழைய கதையைத் தோண்டினால்? ஒரு வருட ஓட்டமும் போச்சு, பொய் சொன்னான் என்ற கெட்ட பெயரும் மிச்சம்.

அங்கே நின்றபடியே மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஃப்ளூ குளிர்தேசத்தில் பனியோடு வரும், நம்மைப் போன்ற வெயில் தேசத்தில் மழையோடு வரும். இது நான் படித்தது, பன்னிரண்டு வருடமாகக் கண்ணால் பார்த்தது. மழை என்றால் ஐப்பசி. பாதிப் பயிற்சியில், புரட்டாசியில், அவனுக்குப் பத்து நாள் லீவு இருக்கிறது. அப்போதுதான் எங்கள் முகாமுக்கு ஊசி வந்திருக்கும். நானே ஒன்றை எடுத்து வந்து என் கையாலேயே போட்டு அனுப்பினால், மழை பிடிப்பதற்குள் உடம்பு பழகிவிடும். கேள்வியும் இல்லை, மேஜையும் இல்லை.

“அந்த மேஜைக்குப் போகாத” என்றேன். “லீவுல வா, நானே போட்டு வுடறேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது. வெயில் கொளுத்துது, ஃப்ளூவாவது மண்ணாவது.”

அடுத்த ஞாயிறு அவன் சொன்ன கதையைக் கேட்டு நான் சிரித்தேன். வியாழக்கிழமை சமையல்கூடத்து வேலைக்குத் தானாகப் பெயர் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் சமையல்கூடத்து ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டபோது, யாரோ எறிந்த பஞ்சைக் கையில் ஒட்டிக்கொண்டு, “ஆயிடுச்சு சார்” என்று காட்டியிருக்கிறான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே டிக் விழுந்துவிட்டது. கெட்டிக்காரன்டா நீ என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும்தான். எப்போதாவது சாயங்காலம் இடி இடித்து நாலு தூறல் போடும். அந்த ஞாயிறு வேப்பமர நிழலிலும் நிற்க முடியாத வெயில். போனில் அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம்.

“இன்னாடா சத்தம் அது?”

“மழைம்மா. பத்து நாளா வுடாம பேஞ்சிக்கினு கீது. யூனிஃபார்ம் காயவே மாட்டேங்குது, ஈரத்தோடயே மாட்டிக்கினு ஓடறோம்.”

“மழையா? ஆடிலயா?”

“இங்க இப்பதாம்மா மழைக்காலம். ஆனி கடைசிலயே பிடிச்சிக்கிச்சு. உனக்குத் தெரியாதா?”

தெரியும். வருஷா வருஷம் செய்தியில் காட்டுகிறார்களே, கேரளாவில் தொடங்கி வடக்கே போகிற மழையை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. ஆனால் என் உடம்புக்குத் தெரிந்த மழை ஐப்பசி மழை ஒன்றுதான். நாற்று நட்ட குடும்பத்துக்காரி, மழையை மாதத்தில்தான் வைத்திருந்தேன், ஊரில் வைக்கவில்லை. என் பிள்ளை இருக்கிற ஊருக்கு வேறு மழை என்று ஒரு நொடி கூட நினைக்கவில்லை.

“கூடத்துல யாருக்காவது ஜொரமா?”

“பாதிப் பேரு இருமிக்கினு கீறானுங்க. ரெண்டு நாள் படுத்து எழுந்து வந்துடறானுங்க.”

“உனக்கு?”

“மூக்கு ஒழுகுது. அவ்ளோதான்.”

அப்போதாவது நான் ஒரு நர்ஸாகப் பேசியிருக்க வேண்டும். போடா, போய் ஊசி போடலை என்று டாக்டரிடம் சொல்லு, வீசிங் இருந்தது என்று சொல்லு, இப்போதே சொல்லு என்று கத்தியிருக்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனால் அது இன்னும் தலைக்கு மேல் போகவில்லை என்றுதான் நினைத்தேன். இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் லீவு.

“சுடு தண்ணி குடி. ஜொரம் அடிச்சா நான் குடுத்து அனுப்பின மாத்திரையைப் போட்டுக்கோ. யாருகிட்டயும் சொல்லிக்கினு நிக்காத. ரொம்ப நாள் படுத்தா அடுத்த பேட்சுக்குத் தள்ளிடுவாங்க.”

சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. வேலை போனா போவுது” என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க. நான் பாக்காத ஜொரமா?” என்றேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. ஆராதனை முடிந்து, எல்லோரும் போய், சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை கேட்டைச் சாத்துகிற வரைக்கும் வெளியே நின்றேன். பயிற்சி மையத்து எண்ணுக்குப் போட்டேன். யாரோ இந்தியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். பிரஸ் செக்‌ஷன் ஆள் ஒருத்தர், நாற்பது வயதுக்காரர், கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

“பையனோட அம்மாங்களா? நான் மிலிட்டரி ஆஸ்பத்திரில நர்ஸிங் ட்யூட்டி. நம்ம பள்ளிப்பட்டு பக்கம் தாம்மா எனக்கு. பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஆரம்பிக்கிறவர்கள் எதற்கு ஆரம்பிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை பேர் வீட்டுக்கு அப்படிப் போன் செய்திருக்கிறேன்.

“நேத்து ஓட்டத்துல உயுந்துட்டான். ஜொரத்தை மறைச்சி மாத்திரை போட்டுக்கினு ஓடியிருக்கான் போல. ஃப்ளூன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு, நெஞ்சுக்கு எறங்கி மூச்சு வாங்குது. டாக்டர் மேடம் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்கம்மா. சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா? அவனைக் கேட்டா இல்லன்னு தலையை ஆட்டறான். ஃபைல்லயும் இல்லன்னு தான் கீது. மேடத்துக்கு சந்தேகமா இருக்குதாம்.”

“இல்ல சார்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. அவர் வாய் மூடுவதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு அந்தப் பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற ஒன்றை நான் எப்படிக் கெடுப்பது என்று தோன்றியிருக்கலாம். இப்படி இப்போது எழுதுகிறேன். அப்போது அது கூட இல்லை.

“சரிம்மா. தைரியமா இருங்க” என்று வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் போய் அந்த ஆளின் விரலைக் கட்டினேன். மருந்து தடவி, துணி வைத்து, சுற்றி, பிளாஸ்டர் ஒட்டி, பதிவேட்டில் பெயர், செக்‌ஷன், காயம், நேரம் எல்லாம் எழுதினேன். டெட்டனஸ் ஊசி எடுத்துக்கொண்டு வந்து வழக்கம் போலக் கேட்டேன்.

“ஊசி மருந்து எதுவாவது ஒத்துக்காம போயிருக்கா? வீசிங் கீசிங் இருக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

அந்த வேகத்திலேயே பொய் என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“யோவ், உண்மையைச் சொல்லுய்யா. எங்கிட்ட மறைச்சா வேலை மிச்சமாவும். உசுரு மிச்சமாவுமா?”

சொல்லிவிட்டு நான் ஊசியைத் தட்டில் வைத்தேன். அவர் பயந்து போய், “எப்பவோ ஒரு தபா வந்துச்சு சிஸ்டர், எழுதிடாதீங்க” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. போனைத் தேடினேன். மேஜை மேல்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்தான் எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை அடித்து அடித்து நின்றது. மூன்றாவது தடவை யாரோ எடுத்து, இந்தியில் ஏதோ கேட்டு, நான் பையன் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தி, அப்புறம் அந்தப் பள்ளிப்பட்டுக்காரர் வந்தார்.

“இருந்துச்சு சார். ரெண்டு வயசுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்துச்சு. ஏழு வயசுல ஸ்டீராய்டு குடுத்துத்தான் காப்பாத்தினாங்க. நான் தான் சொல்லாதன்னு சொன்னேன். ஃப்ளூ ஊசியும் போடலை சார், லிஸ்ட்டுல டிக்கு தப்பு. அதுவும் நான் தான் போட்டுக்காதன்னு சொன்னேன். மேடத்துகிட்ட சொல்லுங்க, உடனே சொல்லுங்க.”



“நீங்க இன்னா வேலை பாக்கறீங்கம்மா?” என்று கேட்டார்.

“நர்ஸு.”

“சொல்லிடறேன்” என்று மட்டும் சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் போனுக்கும் இதற்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம். ஒரு கட்டைவிரலுக்கு இருபத்தைந்து நிமிடம் யாராவது கட்டுப் போடுவார்களா? நான் போட்டிருக்கிறேன்.

நானும் அவன் அப்பாவும் கையில் கிடைத்த துணியோடு ரயில் ஏறினோம். விஜயவாடா தாண்டியதும் மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டே வந்தது. அவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மகன் பிழைத்துக்கொண்டான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான், அதில் ஆறு நாள் மாஸ்க் எடுக்க முடியவில்லை. பயிற்சிக் கூடத்தில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் கதவருகில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வந்ததாம். ஊசி போட்டிருந்தும் வந்தது, மூன்றாம் நாள் எழுந்து ஓடப் போய்விட்டார்களாம். டாக்டர் அம்மா என்னைத் திட்டவே இல்லை. இளவயசுக்காரர். ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம், இவ்வளவு தூரம் போயிருக்காது என்று அவர் சொன்னதைப் பள்ளிப்பட்டுக்காரர் தமிழில் சொன்னார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவள்.

பயிற்சி மையத்துக்கு ஊசி போடப் போனதும் அந்த ஆஸ்பத்திரி ஆட்கள்தான். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பள்ளிப்பட்டுக்காரரிடம் கேட்டேன். “ஊசி அன்னிக்கி மேஜைல வீசிங் கேட்டீங்களா சார்?”

“வீசிங்கா? இல்லியேம்மா. இன்னிக்கி ஜொரம் இருக்குதா, முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காம போச்சான்னு கேட்டோம். வேற இன்னா? ஒரு நாள்ல அத்தினி பேருக்குப் போட வேணாமா?”

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

மெடிக்கல் போர்டு உட்கார்ந்தது. சின்ன வயது வீசிங்கை மறைத்தது எழுத்தில் ஏறிவிட்டது. சேவைக்குத் தகுதியில்லை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னதற்கு வேறு நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை, டாக்டர் அம்மா பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தவன் அப்பாவிடம் பேசுவான், தெருவில் பேசுவான், என்னிடம் பேச மாட்டான். தண்ணீர் வேண்டும் என்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வான். கவரைப்பேட்டையில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலைக்குப் போக ஆரம்பித்தான். என் வாய்க்கு எத்தனையோ பேர் பயப்படுகிறார்கள். என் வீட்டில் என் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஏம்மா சொன்ன?”

பள்ளிப்பட்டுக்காரரிடம் நான் சொன்னதைத்தான் கேட்டான்.

“அந்த மேடம் உனக்குப் போன் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு மாஸ்க்குல மருந்து உட்டுக்கினு இருந்தாங்க. ஸ்டீராய்டு ஊசியும் போட்டாங்க. எனக்கு நெனவு இருந்துச்சு, நான் பாத்துக்கினு தான் இருந்தேன். நீ சொன்னது மருந்துக்குப் போவல. ஃபைலுக்குத் தான் போச்சு.”

அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். அப்படிப்பட்ட மூச்சைக் காதால் கேட்ட எந்த டாக்டரும் அம்மாக்காரியின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டார். நானாக இருந்தாலும் ஆரம்பித்திருப்பேன். ஆனால் தேர்வாய் கண்டிகையில், அந்த அறையில் நின்ற எனக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவன் என்னை வெறுத்தால் சரியான காரணத்துக்காவது வெறுக்கட்டும் என்று தோன்றியது.

“மொதல்ல நானும் இல்லன்னு தான்டா சொன்னேன்.”

அவன் கை தட்டிலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தான். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“இன்னா சொன்ன?”

“அவரு கேட்டப்போ இல்ல சார்னு சொல்லிட்டேன். வெச்சிட்டாரு. நீ அங்க மூச்சுக்குத் துடிச்சிக்கினு இருக்கறது தெரிஞ்சும் சொன்னேன். இருவத்தஞ்சு நிமிஷம் கயிச்சித் தான் திரும்பக் கூப்ட்டு உண்மையைச் சொன்னேன்.”

திட்டுவான், தட்டைத் தூக்கி எறிவான், எழுந்து போய்விடுவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

“அப்புறம் எதுக்கும்மா திரும்பப் போன் பண்ண? அப்படியே வுட்டிருந்தா நான் அங்கயே இருந்திருப்பேன்ல?” என்றான்.

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.